கைக்கு வந்த குழந்தை

என் மகள் பிறந்த வருஷம், தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் வார்டில் நடந்தது இது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதைப் படிக்கிற நீங்களும் அவள் வயதாகவோ, அவளைவிடக் கொஞ்சம் பெரியவர்களாகவோதான் இருப்பீர்கள். அதனால் அவளுக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயப்படாமல் படியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல யாருமில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் குண்டடம் பக்கம். நான் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகள் அவசரக்காரி. கார்த்திகை கடைசியில் வர வேண்டியவள், புரட்டாசி முடிவதற்குள்ளேயே வந்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் தைக்கும் குழந்தை பனியனில் இருக்கிறதிலேயே சின்ன சைஸ்கூட அவளுக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும். அவ்வளவு சின்னது. பிறந்தவுடனே அவளை வார்டுக்குள் கொண்டுபோய், மேலிருந்து சூடு தரும் ஒரு சின்னக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மூச்சு விடச் சிரமப்பட்டதால் மூக்கில் நூல் மாதிரி ஒரு குழாய். சுவரில் இருந்து அந்தக் குழாய் வழியாக ஆக்சிஜன் வரும்.

அம்மாமார்கள் அதே மாடியில் பக்கத்து வார்டில் இருந்தார்கள். பால் கொடுக்க உள்ளே போய் வருவார்கள். அப்பாமார்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே வராந்தாதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். என் மகளின் கட்டில் கடைசி மூலையில், ஏ.சி.க்குக் கீழே இருந்தது. அவள் காலை ஆட்டுகிறாளா என்று பார்ப்பேன். ஆட்டினால் அன்றைக்குக் கம்பெனியில் ஊசி ஒடியாமல் தைப்பேன்.

அந்த வார்டுக்கு ஒரு பெரிய சிஸ்டர் பொறுப்பு. உள்ளூர்க்காரர்தான். அவருடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவராம். அதனால் எங்கள் பேச்சு, எங்கள் சாக்குப்போக்கு எல்லாமே அவருக்கு அத்துப்படி. ஒருநாள் காலையில் வராந்தாவுக்கு வந்து கையைத் தட்டினார்.

“அப்பாமார் எல்லாரும் வாங்க. டீ குடிக்கப் போறேன், பீடி வாங்கப் போறேன்னு யாரும் நைசா நழுவக் கூடாதுங்க. இன்னைக்கு நாம ஒத்திகை பாக்கப் போறோம்.”

என்ன ஒத்திகை என்று கேட்டோம். வார்டில் புகை வந்தால், தீப்பிடித்தால், கரண்ட் போய் எதுவும் வேலை செய்யாவிட்டால் குழந்தைகளை எப்படி வெளியே கொண்டுபோவது என்ற ஒத்திகையாம். வாரத்துக்கு ஒருமுறை வைப்பார்களாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. தீபாவளி நெருக்கத்தில் பனியன் கம்பெனி எப்படி இருக்கும் என்று திருப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூச்சு விட நேரமிருக்காது. என்னைவிடக் கொஞ்சம் துணிச்சலான ஒருவர் கேட்டே விட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், தீப்புடிச்சா அணைக்க உங்ககிட்ட ஆள் இல்லீங்களா? நாங்க எதுக்குங்க?”

“அணைக்க ஆள் இருக்குதுங்க. ஆனா உள்ள படுத்திருக்கறவங்களுக்கு இன்னும் நடக்கத் தெரியாதுங்களே. எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கைதான். நீங்க வெளிய தொங்கப் போட்டுட்டு சும்மா நிக்கறீங்க பாருங்க, அந்தக் கைக எனக்கு வேணும்.”

எல்லாரும் சிரித்தோம்.

தலையணை உறைக்குள் பனியன் வேஸ்ட் துணியை அடைத்து, குழந்தை கனத்துக்குப் பொட்டலங்கள் செய்து வைத்திருந்தார். குழந்தையின் கையில் அம்மா பெயர் எழுதிய பட்டை ஒன்று கட்டியிருப்பார்கள் அல்லவா, அதே மாதிரி ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பட்டை. நாங்கள் கையைக் கழுவி, சுவரோரமாக வரிசையில் நிற்க வேண்டும். சிஸ்டர் வாசலில் நின்று ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கையில் தருவார். வாங்கியவர் லிப்டுக்குப் போகக் கூடாது. சக்கர நாற்காலி உருட்டுவதற்கென்று சரிவாகக் கட்டியிருக்கும் பாதையில் இறங்கி, கீழே வண்டிகள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சிஸ்டர் வந்து குழந்தையின் பட்டையையும் அம்மா கையில் இருக்கும் பட்டையையும் ஒத்துப் பார்க்கும் வரைக்கும் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான்.

என் முறை வந்தது. பொட்டலத்தை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

“அண்ணா, நில்லுங்க!” என்றார் சிஸ்டர். “அது என்ன, கட்டிங்ல இருந்து வந்த பண்டலுங்களா?”

வராந்தாவே கொல்லென்று சிரித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. பத்து வருஷமாகக் கம்பெனியில் வெட்டிய துணிப் பண்டல் தூக்கிய தோள், அது பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. சிஸ்டரே வந்து பொட்டலத்தை இறக்கி, என் மார்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையைத் தலைக்கும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக் காட்டினார். “குழந்தைக்கு உங்க நெஞ்சுச் சூடு வேணுங்க” என்றார்.

அப்போதுதான் நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். அதில் என் மனைவி பெயர் இல்லை. வேறு யாரோ ஒருவரின் பெயர்.

“சிஸ்டர், இது எங்களுது இல்லீங்க” என்று திரும்பினேன். அதே நேரம் எனக்குப் பின்னால் நின்ற பீகார்க்காரர் ஒருவரும், அயனிங் மாஸ்டராக வேலை பார்ப்பவர், தன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேரா நஹி, மேரா நஹி”, என்னுடையது இல்லை என்று இந்தியில் சொல்லிக்கொண்டே வாசலுக்குள் நுழைந்தார். இரண்டு பேரும் கதவில் மாட்டிக்கொண்டோம். அவர் முழங்கை என் விலாவில், என் பொட்டலம் அவர் வயிற்றில். யாரும் உள்ளே போக முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை.

சிஸ்டர் கத்தவில்லை. “எல்லாரும் அப்படியே நில்லுங்க” என்றார். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்து, “உள்ள பாருங்க” என்றார். மேஜை மேல் வரிசையாக மற்றப் பொட்டலங்கள் காத்துக்கொண்டிருந்தன. எடுக்க ஆள் இருந்தது. போகத்தான் வழி இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் நிக்கறீங்க. இவங்க எல்லாரும் உள்ளேயே இருக்கறாங்க. வேஸ்ட் துணிக்கே இத்தனை தள்ளுமுள்ளுன்னா நிஜக் குழந்தைக்கு என்ன பண்ணுவீங்க? லைன்ல உக்காந்து தைக்கறீங்கல்ல? கைக்கு வந்த பீஸைத் தைச்சு முன்னாடி தள்ளறீங்க. இது என் பீஸு, அது உன் பீஸுன்னு தேடறீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பீஸும் புள்ளையும் ஒண்ணுங்களா சிஸ்டர்?” என்றேன்.

“ஒண்ணில்லீங்க. அதனாலதான் சொல்றேன். பீஸு நின்னுபோனா ஷிப்மெண்ட்தான் லேட்டாகும்” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. சரிவுப் பாதையின் வளைவில் பழைய கட்டில்களையும் அட்டைப் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிந்தது. சிஸ்டர் ஆஸ்பத்திரி மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் கையிலும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இறங்கச் சொன்னார். நல்ல உடம்புக்காரர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுவிட்டார். அடுத்த வார ஒத்திகையில் அங்கே கட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை. கைப்பிடி ஓரமாக இருட்டில் ஒளிரும் டேப் வேறு ஒட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் மனைவியிடம் ஒத்திகைக் கதையைச் சொன்னேன். தோளில் போட்டதைக் கேட்டுச் சிரித்தவள், யார் குழந்தை கைக்கு வந்தாலும் அதைத்தான் தூக்கிப் போக வேண்டுமாம் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அந்த சிஸ்டர் ஆயிரம் சொல்லட்டுமுங்க. அப்படி ஏதாவது ஆச்சுன்னா நீங்க நம்ம பாப்பாவைத்தான் தூக்கோணும். சொல்லிட்டேன்.”

“பின்ன வேற யாரத் தூக்கப் போறேன் அம்மிணி?” என்றேன். மனசார அப்படித்தான் நினைத்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம். வெளியே நல்ல மழை. கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் மனைவிக்கு ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கிளம்பும் முன் வழக்கம் போல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். வராந்தாவில் இன்னும் சில அப்பாமார்கள் இருந்தார்கள். அந்தப் பீகார்க்காரரும் இருந்தார். திடீரென்று ஒரு வாசனை வந்தது. தையல் மெஷின் மோட்டார் சூடேறி, வயர் கருகும்போது வருமே, அந்த வாசனை. சுற்றிப் பார்த்தேன். விளக்கு இரண்டு தடவை மினுங்கி அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசி மூலையில், ஏ.சி.யில் இருந்து கரும்புகை தொங்குவது போல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்க் கீழேதான் என் மகள்.

“அப்பாமார் லைனுக்கு வாங்க!”

ஒத்திகையில் எந்தக் குரலோ அதே குரல். கொஞ்சமும் கூட்டிக் குறைக்காத குரல். ஒரு கணம் இதுவும் ஒத்திகையோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்புறம் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன்.

உள்ளே ஆளுக்கொரு வேலை தானாக நடந்தது. ஒருவர் தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினார். ஒரு சிஸ்டர் அம்மாமார்களைக் கூட்டிக்கொண்டு முதலில் கீழே இறங்கினார். இரண்டு சிஸ்டர்கள் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்த குழந்தைகளைச் சின்ன சிலிண்டர்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு வேகமாக வளரும் என்பதால் சுவரில் வரும் குழாயை மூட வேண்டுமாம். மூடும் முன் எல்லாக் குழந்தைகளுக்கும் சிலிண்டர் மாட்டியாக வேண்டும். அந்தச் சின்ன சிலிண்டர்களில் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் அவர்கள் பார்த்து வைப்பதை நான் தினமும் வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். ஏன் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் வரிசையில் முன்னால் நின்றேன். கண்ணாடியில் மூலை தெரியவில்லை. புகைதான் தெரிந்தது. வாசலில் சிஸ்டர் என் கையில் ஒரு குழந்தையை வைத்தார்.

சுடச்சுட இருந்தது. உதைத்தது. தலை நிறையக் கறுகறுவென்று முடி. என் மகளுக்கு அப்போது முடியே கிடையாது. பட்டையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இது என் பிள்ளை இல்லை.

“சிஸ்டர், என் பாப்பா... அந்த மூலையில...”

“தெரியுமுங்க. போங்க.”

“ஒரே ஒரு நிமிஷம் சிஸ்டர், நான்...”

“அண்ணா, போங்க.”

நான் போனேன். பெரிய மனசோடு, ஏதோ தியாகம் செய்வது போல நினைத்துக்கொண்டு போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நிஜம் அதுவல்ல. என் மனசு முழுவதும் அந்த மூலையில்தான் இருந்தது. கால் மட்டும் ஒத்திகையில் நடந்து பழகிய வழியில் தானாகப் போய்விட்டது.

சரிவுப் பாதையில் வெளிச்சம் குறைவு. சாரல் உள்ளே அடித்தது. குழந்தையின் தலையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு நடந்தேன். வளைவு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. கட்டில்கள் எடுத்த இடம் காலியாக, அகலமாக இருந்தது. இந்தக் குழந்தையை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினால் என்ன என்று தோன்றியது. மனைவிக்குச் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. நான் பாதித் திரும்பினேன்.

பின்னால் யாரோ முழங்காலால் என் தொடையில் ஒரு இடி இடித்தார். “அண்ணா! நிக்காதே! போ, போ!” என்று கத்தினார். நெருக்கி அடித்துக்கொண்டு பின்னால் வேறு ஆட்கள் வரும் சத்தமும் கேட்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உன் பிள்ளை உன் கையில் இருக்கும், என் பிள்ளை அங்கே கிடக்கிறது என்று திட்ட வாயெடுத்தேன். அதற்குள் என் கையில் இருந்த குழந்தை வாயைக் கோணி அழ ஆரம்பித்துவிட்டது. யார் பிள்ளையாக இருந்தால் என்ன, அழுகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

கொட்டகையில் மழைச் சத்தம் காதை அடைத்தது. வண்டிகளை ஏற்கனவே ஒரு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் வரிசையாக நின்றோம். ஆக்சிஜன் வேண்டிய குழந்தைகளை மட்டும் நிறுத்தாமல் எதிர்க் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று மழையில் தெரியவில்லை. நான் சரிவுப் பாதையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்த குடும்பம். என் கையில் இருந்த தலைமுடியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

“எய்யா, எம் புள்ள! குடுங்க அண்ணாச்சி.”

“இருங்க அம்மிணி. சிஸ்டர் வந்து பட்டையப் பாக்கட்டுமுங்க.”

“பட்டை என்ன பட்டை? எம் புள்ளைய எனக்குத் தெரியாதா? குடுங்கன்னா குடுங்க.”

அவர் சொன்னது நிஜமாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் அழுகையும் பதற்றமுமாக நிற்கும் இடத்தில் யார் குழந்தை யாரிடம் போகும்? கொடுக்கக் கூடாது என்று அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். நான் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஒங்க புள்ளையா இருந்தா இப்பிடி மரம் மாதிரி நிப்பியளா?”

“என் புள்ள எங்க இருக்குதுன்னே தெரியலீங்க” என்றேன்.

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கினார். என் பக்கத்தில் ஒட்டி நின்று, குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை.

என் மனைவி என்னைத் தேடி அங்கே வந்து சேர்ந்தாள். என் கையில் குழந்தையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கிட்டே வந்து பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே விழுந்தது. அந்த முகத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

“ஏனுங்க... பாப்பா எங்கீங்க?”

“வந்துரும் அம்மிணி” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரிவுப் பாதையைப் பார்த்து நகர்ந்தாள். அந்தத் தூத்துக்குடி அம்மாதான் இன்னொரு கையால் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, “போவாதீய தாயி, வழியில நிக்கக் கூடாது, உள்ள இருந்து வரணும்லா” என்றார்.

பெரிய சிஸ்டர் கடைசியாகக் கீழே இறங்கினார். முகமெல்லாம் கரி. வரிசையாகப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கையில் இருந்த குழந்தையின் பட்டையும் அந்த அம்மாவின் பட்டையும் ஒத்துப்போயின. “இப்பக் குடுங்க” என்றார். கொடுத்தேன். கை இரண்டும் திடீரென்று காலியாகிப்போயின.

“சிஸ்டர், எங்க பாப்பா...”

அவர் என் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “உள்ள காலி பண்ணிட்டுத்தான் நான் இறங்குனனுங்க. மூலையில இருந்த உங்க பாப்பாவைத்தான் முதல்ல எடுத்தோம். சிலிண்டர் மாத்தத்தான் கொஞ்ச நேரமாச்சு. எதிர் பில்டிங்குக்குப் போங்க, போங்க.”

மழையில் எப்படி அந்தப் பக்கம் போனோம் என்று தெரியாது. ஸ்கேன் எடுக்கும் அறையைக் காலி செய்து குழந்தைகளை வைத்திருந்தார்கள். ஜன்னலோரமாக, சட்டையெல்லாம் நனைந்து, அந்தப் பீகார்க்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சிஸ்டர் சின்ன சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பீகார்க்காரரின் சட்டையில் மேல் பட்டன்கள் திறந்திருந்தன. உள்ளே, அவர் நெஞ்சோடு ஒட்டி, முடியே இல்லாத ஒரு சின்னத் தலை. மூக்கில் நூல் மாதிரி குழாய்.

சிஸ்டர் பட்டையைப் பார்த்து என் மனைவியின் பெயரைப் படித்தார். மனைவி கையை நீட்டியபோது பீகார்க்காரர் உடனே கொடுத்துவிடவில்லை. மனைவியின் கையில் இருந்த பட்டையையும் சிஸ்டர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான், ஒரு கையைத் தலைக்கும் ஒரு கையைக் கீழேயும் வைத்து, சொல்லிக் கொடுத்தபடியே கொடுத்தார்.

“பாப்பா நல்லா இருக்கு அண்ணா. பஹுத், ரொம்பக் கத்துது” என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான் பாதையில நின்னது. நான் பின்னாடி. போ போன்னு சொல்றேன், நீங்க போகல” என்றார்.

முழங்காலால் இடித்தவர் இவர்தானா? நான் திட்ட வாயெடுத்த ஆள் இவர்தானா? அப்படியென்றால் நான் திரும்பி ஓட நினைத்தபோது, என் மகள் எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறாள்!

“உங்க குழந்தை எங்கீங்க?” என்று கேட்டேன்.

“தெரியாது அண்ணா” என்றார். “இப்பப் போய்ப் பாக்கணும்.”

அவ்வளவு நேரமும் அவர் தன் பிள்ளை எங்கே என்று தெரியாமலேயே என் பிள்ளையைச் சூடாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அவருடைய மகனை ஒரு சிஸ்டர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே அவர் மனைவி. பையன் இத்தனை களேபரத்திலும் எழுந்திருக்கவே இல்லை. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் நிற்கவே இல்லை. அவர் மனைவி எங்களைப் பார்த்து என்னவோ திட்டினார். எனக்கு இந்தி கொஞ்சம் தெரியும். ஆனால் அது வீட்டில் திட்டும் இந்தி, கம்பெனி இந்தி இல்லை.

நல்லவேளையாக ஏ.சி.யோடு தீ நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது புகை மட்டும்தான் பாக்கி. எல்லாக் குழந்தைகளையும் டாக்டர்கள் பார்த்து, நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மனைவி அன்று சாயங்காலம் என்னிடம், “நீங்க பாப்பாவைத் தூக்கலீங்களே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் அவளே, “அந்தத் தூத்துக்குடிக்காரம்மா பையன் நல்லா மொழுமொழுன்னு இருக்கறானுங்க” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடத்திலும் எப்போதாவது இந்த மாதிரி ஒத்திகை வைப்பார்கள். மணி அடிக்கும், வரிசையாக வெளியே வரச் சொல்வார்கள். ஒன்றுமே நடக்காதபோது இப்படி நடப்பது சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்தவன்தான். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கால் பழகும் வரைக்கும் நடந்து பாருங்கள். பயம் வந்த பிறகு யோசிக்க மனசுக்கு நேரம் இருக்காது. பழகிய கால்தான் நம்மைக் கூட்டிப்போகும். முன்கூட்டியே யோசித்து வைக்க அந்தப் பெரிய சிஸ்டர் மாதிரி ஒருவர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

“அன்னைக்கு நீங்கதானே என்னத் தூக்கிட்டு வந்தீங்க?” என்று என் மகள் சில சமயம் கேட்பாள். இல்லை கண்ணு என்று உண்மையைத்தான் சொல்வேன். அவளைக் காப்பாற்ற அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம், இன்னொருவர் குழந்தையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, அவள் வருவதற்கு வழிவிட்டு நடந்ததுதான்.